எடைத்தட்டில் ஒரு கிராம்



“சிறுநீர்க் கசிவுக்குச் செய்த அறுவை சிகிச்சை பலித்ததா என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டால் போதாதா?” தாதிமைப் படிப்பில் சேர்ந்த கையோடு, தங்கையே, நீ கேட்ட கேள்வி இது. போதாது. கேட்காமல் விட்டாலும் சரிவராது.

சிங்கப்பூரின் தோ பாயோ லோரோங் 8 சந்தையில் காய்கறிப் பையைத் தூக்குகிறார் ஓர் அம்மா; தூக்கும் கணத்தில் சில சொட்டு சிறுநீர் கசிகிறது. தும்மினாலும் சிரித்தாலும் அதே கதை. மருத்துவர்கள் இதை ‘ஸ்ட்ரெஸ்’ கசிவு என்பார்கள். மனக்கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; வயிற்றுக்குள் திடீரென ஏறும் அழுத்தம்தான் அந்த ‘ஸ்ட்ரெஸ்’. பிள்ளைப்பேற்றிலும் வயதிலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்துவிட்டால், சிறுநீர்த்தாரை அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காது.

இதை அளக்க ‘பேட் சோதனை’ உண்டு. எடைபோட்ட பேடை அணிந்து அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அரை மணி நேர நடை. அதில் ஒரு மாடி ஏறி இறங்குவதும் சேர்த்தி. பிறகு பத்து முறை உட்கார்ந்து எழுந்து, பத்து முறை பலமாக இருமி, ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடி, ஐந்து முறை குனிந்து எதையாவது எடுத்து, கடைசியாக ஒரு நிமிடம் குழாயடியில் கை கழுவ வேண்டும். மறுபடி எடை. 1 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் கசிவு உண்டு. மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காத அந்தக் கால வீவக அடுக்குமாடி புளோக்குகளில் பெண்கள் இதில் பாதியைத் தினமும் செய்தார்கள், எடைபோடத்தான் ஆளில்லை.

இந்தக் கசிவுக்கான அறுவைக்குப் பின் என்ன ஆகிறது? அமெரிக்காவில் 655 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. சிலருக்குப் பர்ச் என்பவர் 1961-ல் எழுதிய தையல் முறை. மற்றவர்களுக்கு அவரவர் வயிற்றுத் தசையுறையிலிருந்தே எடுத்த பட்டையைச் சிறுநீர்த்தாரைக்குக் கீழே தொட்டில்போலக் கட்டும் முறை. இரண்டு ஆண்டு கழித்து, இருமல், தும்மல் கசிவை மட்டும் பார்த்தால் பட்டை முறையில் 66 சதவீதம் வெற்றி, தையலில் 49. பேட் எடை, மூன்று நாள் குறிப்பேடு, அடக்க முடியாமல் வரும் அவசரக் கசிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 47, 38. அதே பெண்கள், அதே கத்தி; அளவுகோல்தான் வேறு. பட்டை முறையின் 66, 47 என்ற இரண்டு எண்களில் எது விளம்பரத்தில் ஏறும் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பட்டை வைத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் கழிப்பதில் சிரமமும் கூடுதலாக வந்தன. ஆனாலும் அவர்களில் 86 சதவீதத்தினர் சிகிச்சையில் திருப்தி என்றார்கள். தையல் முறையில் 78.

47 எங்கே, 86 எங்கே? இந்த இடைவெளி புரிய, கசிவைப் பற்றிக் கேட்க உலகெங்கும் பயன்படும் ஒரு சிறு வினாத்தாளைப் பார். மொத்தம் 21 புள்ளி. எத்தனை தடவை கசிகிறது என்பதற்கு 5, எவ்வளவு என்பதற்கு 6, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு மட்டும் 10. ஒரே புளோக்கில் இரண்டு அம்மாக்களின் பேடும் ஒரே எடை காட்டலாம். ஒருவர் சமாளித்துக்கொண்டு தினமும் வைரவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய்வருவார்; மற்றவர் கோயில் பக்கம் போயே ஒரு வருடம் ஆகியிருக்கும்.