கத்தி எடுக்குமுன் ஓர் அளவீடு

சோறு நெஞ்சில் அடைக்கிறது. சில வாரங்களில் கஞ்சி மட்டுமே இறங்குகிறது. பிறகு தண்ணீரும் சிரமமாகிறது. உணவுக்குழல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படுகிறது. எண்டாஸ்கோப்பை வாய் வழியே செலுத்தி, கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் உறுதியாகும். கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது: கட்டியை முழுவதும் அறுத்தெடுக்க முடியுமா?

நெஞ்சைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். திறந்த பின் எடுக்க முடியாது என்று தெரிந்தால் நோயாளிக்குக் காயமும் வலியுமே மிச்சம். ஆகவே திறக்காமலே அளக்க வேண்டும்.

உணவுக்குழல் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அதை ஒட்டியே மூச்சுக்குழலும் பெருந்தமனியும் உள்ளன. கட்டி தமனியைத் தொட்டு மட்டும் நின்றால் பிரித்தெடுக்கலாம். ஊடுருவிவிட்டால் பொதுவாக அறுவை இல்லை.

சி.டி. கருவி எக்ஸ் கதிர்களால் உடலின் குறுக்குவெட்டுப் படத்தைத் தருகிறது. அதில் பெருந்தமனி ஒரு வட்டம். கட்டி தழுவும் வில், வட்ட மையத்தில் 90 பாகைக்கு மேல் கோணம் தாங்கினால் ஊடுருவல் என்று ஐயுறலாம். 45 பாகைக்குக் குறைந்தால் பெரும்பாலும் இல்லை. 1983-இல் வெளியான விதி இது. கோணம் இடைப்பட்டதானால்?

அப்போது மீயொலி உதவுகிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1540 மீட்டர். அதிர்வெண் 7.5 மெகா ஹெர்ட்ஸ் என்றால், வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க, அலைநீளம் 0.2 மி.மீ. எனவே சில மி.மீ. தடிமனுள்ள குழல் சுவரின் அடுக்குகளைக்கூடப் பிரித்துக் காணலாம். ஆனால் அதிர்வெண் கூடக்கூட ஒலி விரைவில் உட்கவரப்படும். நுரையீரல் காற்றும் விலா எலும்பும் வேறு தடுக்கும். ஆகவே ஒலிக்கருவியை எண்டாஸ்கோப் நுனியில் பொருத்தி, குழலுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். நோய் தொலைவில் பரவியுள்ளதா என்பதைப் பாசிட்ரான் படக்கருவி தேடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் அளக்கிறார்கள். கட்டி சுருங்கி விலகினால் அறுவை. இல்லாவிட்டால் மருந்தும் கதிர்வீச்சுமே சிகிச்சை. உணவு இறங்க உலோக வலைக்குழாய் வைப்பதும் உண்டு.

அறுக்கத்தக்க கட்டிக்கும் இம்முறை பலன் தருகிறது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நேரே அறுவைக்குச் சென்றவர்களில் பாதிப்பேர் சுமார் 24 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். முன்சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் சுமார் 49 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். அவர்கள் 23 தவணைகளில் பெற்ற கதிர்வீச்சு 41.4 கிரே, அதாவது கிலோகிராமுக்கு 41.4 ஜூல். இந்த ஆற்றல் நீரின் வெப்பநிலையை 0.01 டிகிரிதான் உயர்த்தும்! கதிர் செல்லைச் சுட்டுக் கொல்வதில்லை. அதன் மரபு இழையை உடைக்கிறது.

புகையிலையும் மதுவும் இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள். வீட்டில் பெரியவர் எவரேனும் "சாப்பாடு அடைக்கிறது" என்று சில நாளாகச் சொன்னால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டி சுவருக்குள் இருக்கும்போதே கண்டால், இந்த ஐயத்துக்கே இடமிராது.

பயிற்சி: 20 மெகா ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் என்ன? நுண்மை கூடியும், ஆழத்திலுள்ள கட்டிக்கு அது ஏன் ஏற்றதன்று?