மேட்ச் டிக்கெட்டே பஸ் டிக்கெட்!
(கால்பந்து ரசிகர்களின் இலவசப் பயணம் – ஒரு பாடம்)

இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை



போக்குவரத்துப் பொறியியல் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது ஜல்லி, தார், சாலை வளைவு, சிக்னல். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு கேள்வி. 50 ஆயிரம் பேர் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அவர்களை எப்படி அனுப்பி வைப்பது? இதற்குப் பல நாடுகள் கண்டுபிடித்த வழி, மேட்ச் டிக்கெட் வைத்திருப்பவருக்கு அன்று பஸ்ஸும் ரயிலும் இலவசம் என்பது. 'இலவசம்' என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் கை தட்டுவார்கள். இரண்டும் செய்யாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. முதலில் இடக் கணக்கு

50 ஆயிரம் பேரில் பாதிப் பேர், அதாவது 25 ஆயிரம் பேர், காரில் வருவதாக வைத்துக்கொள்வோம். காருக்கு 4 பேர் என்றால் 6,250 கார்கள். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். பெருக்கினால் 1,56,250 சதுர மீட்டர். நம்ம ஊர் கணக்கில் கிட்டத்தட்ட 39 ஏக்கர்! மாதத்தில் இரண்டு மூன்று நாள் கார் நிறுத்த 39 ஏக்கர் நிலத்தை யார் தருவார்கள்?

அதே 25 ஆயிரம் பேர் ரயிலில் போனால்? ஒரு ரயிலுக்கு 1,000 பேர், 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 25 ரயில்கள், சுமார் ஒன்றே கால் மணி நேரம். பஸ் மட்டும்தான் என்றால், பஸ்ஸுக்கு 60 பேர் வீதம் 417 நடைகள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வரும்போது கூட்டம் மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வருகிறது. போகும்போது அணை திறந்த மாதிரி மொத்தமாக வருகிறது. எனவே திட்டம் போடும்போது வரும் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, போகும் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2. ஜெர்மனியின் 'கோம்பி டிக்கெட்'

இந்த விஷயத்தில் நாம் படிக்க வேண்டிய நாடு ஜெர்மனி. ஃபிராங்க்ஃபர்ட், பிரேமன், ஃபிரைபுர்க் போன்ற பல ஊர்களில் அந்த ஊர் அணியின் மேட்ச் டிக்கெட்டே பஸ், டிராம், உள்ளூர் ரயிலுக்கும் டிக்கெட். கண்டக்டரோ பரிசோதகரோ கேட்டால் அதைக் காட்டினால் போதும்.

அங்கே இது சுலபமாக நடக்க ஒரு காரணம் உண்டு. 1965-லேயே ஹாம்பர்க் நகரில் பஸ், ரயில் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டணம், ஒரே டிக்கெட் என்று கூட்டமைப்பு அமைத்துவிட்டன. பிறகு மற்ற ஊர்களும் அதே வழியில் வந்தன. ஆகவே கால்பந்து கிளப் பத்து கம்பெனிகளிடம் பேச வேண்டியதில்லை, ஒரே இடத்தில் பேசினால் போதும்.

2006-ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் 12 நகரங்கள், 64 ஆட்டங்கள். மேட்ச் டிக்கெட்டே அன்றைய உள்ளூர்ப் பயணச் சீட்டாகவும் இருந்தது. 2024-ல் அதே நாட்டில் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆட்ட நாள் காலை 6 மணி முதல் மறுநாள் மாலை 6 மணி வரை, 36 மணி நேரம், டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு அந்த நகரத்தில் பயணம் இலவசம். இரவு ஆட்டம் முடிந்து தங்கிவிட்டு மறுநாள் போகிறவரையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

3. மற்ற நாடுகள்

இங்கிலாந்தில் பிரைட்டன் அணி 1999 முதல் 2011 வரை வித்டீன் என்ற இடத்தில் ஆடியது. அது வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு தடகள மைதானம். அக்கம்பக்கத்தார் கார் கூட்டத்துக்குச் சம்மதிக்கவில்லை. எனவே கிளப்பே ரசிகர்களுக்கு பஸ், ரயில் பயணத்தைச் சேர்த்துக் கொடுத்தது. 2011-ல் ஃபால்மரில் புது மைதானம் திறந்தபோதும் அந்த முறை தொடர்ந்தது.

2018-ல் ரஷ்யாவில், டிக்கெட்டும் ரசிகர் அடையாள அட்டையும் இருந்தால் ஒரு போட்டி நகரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தனி ரயிலில் இலவசமாகப் போகலாம். 2022-ல் கத்தாரில் 'ஹய்யா' அட்டை வைத்திருந்தவர்களுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இலவசம். 8 மைதானங்களில் 5-க்கு நேராக மெட்ரோ போயிற்று. பெரிய கை பொம்மையை வைத்துக்கொண்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து 'மெட்ரோ, திஸ் வே' என்று வழி காட்டிய தொழிலாளர்களை அப்போது உலகமே ரசித்தது. இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது, வழி சொல்ல ஆளும் வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

நம் சென்னையிலும், கிரிக்கெட்டுக்காக, இது நடந்திருக்கிறது. 2023 ஐ.பி.எல். சமயத்தில் சேப்பாக்கம் ஆட்டங்களுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் மெட்ரோவில் இலவசமாகப் பயணம் செய்தார்கள். 2024-ல் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து மாநகர பஸ்ஸில் (ஏ.சி. பஸ் தவிர) மேட்ச் டிக்கெட்டைக் காட்டிப் போக முடிந்தது. இதற்கான காசை கிரிக்கெட் அணி நிர்வாகம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டியது.

4. அப்படியானால் இது யாரு காசு?

இதுதான் முக்கியமான கேள்வி. உலகத்தில் சும்மா ஓடுகிற பஸ் கிடையாது. டீசல் உண்டு, டிரைவர் சம்பளம் உண்டு.

ஜெர்மனியில் கிளப், விற்ற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு சிறு தொகையைப் போக்குவரத்துக் கூட்டமைப்புக்குத் தருகிறது. டிக்கெட் வாங்கியவர் பஸ்ஸில் வந்தாரா, நடந்து வந்தாரா என்று பார்ப்பதில்லை. உதாரணமாக ஒரு டிக்கெட்டுக்கு 10 ரூபாய் என்று நாமே வைத்துக்கொண்டால், 50 ஆயிரம் டிக்கெட்டுக்கு 5 லட்சம் ரூபாய். தனித்தனியே பஸ்ஸுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு 40 ரூபாய் ஆகும் இடத்தில், எல்லோரும் பகிர்ந்துகொள்வதால் 10 ரூபாயில் முடிகிறது. நம்ம ஊரில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுகிறோமே, அதே முறைதான்.

'நடந்து வருகிறவன் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் தெருவில் கார்கள் குறைகின்றன, புகை குறைகிறது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் குறைகிறார்கள். அந்த நன்மை அவனுக்கும் சேர்கிறது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். எங்கள் பக்கம் இரவில் விளக்கு போட்டு எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். நுழைவுச் சீட்டு விலை எங்களுக்குப் பெரிதில்லை. போக வர இரண்டு பேருக்கு பஸ் காசு, அதற்கு மேல் கடைசி பஸ் பிரச்சினை. அந்த பஸ்ஸைப் பிடிக்கப் பாதி ஆட்டத்தில் எழுந்து ஓடுகிறவர்கள் எத்தனை பேர்! சொந்த வண்டி உள்ளவன் முழு ஆட்டம் பார்க்கிறான், இல்லாதவன் பாதி ஆட்டம் பார்க்கிறான். காசு ஒன்றுதானே கொடுத்தார்கள்? இந்த வித்தியாசத்தைப் போக்குவதுதான் இத்திட்டத்தின் உண்மையான பயன் என்பது என் கருத்து.

5. எங்கே தவறிப் போகிறது?

2024 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் இங்கிலாந்தும் செர்பியாவும் ஆடின. பயணம் இலவசம்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் டிராமுக்கும் ரயிலுக்கும் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. வண்டிகள் போதவில்லை. ஊரைக் கூட்டிக் கல்யாணம் வைத்துவிட்டு பந்தியில் இலை இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி!

இன்னொரு ஆபத்தும் உண்டு. தினமும் அதே பஸ்ஸில் போகிற பூக்கார அம்மாவும், ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளியும் ஆட்ட நாளில் ஏற முடியாமல் நிற்கக் கூடாது. அவர்கள் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறவர்கள். ஆகவே ரசிகர்களுக்குத் தனி வண்டி விட வேண்டும், வழக்கமான பஸ்ஸைப் பறித்து அனுப்பக் கூடாது. கொச்சியில் கலூர் மைதானத்தின் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே கால்பந்து ஆட்ட நாட்களில் ரயில் நேரத்தை நீட்டித்து ஓட்டியிருக்கிறார்கள். அது சரியான வழி.

6. நினைவில் வைக்க வேண்டியவை

அ) கட்டணத்தை டிக்கெட்டிலேயே சேர்த்து எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.
ஆ) எத்தனை வண்டி என்பதைப் போகும் கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.
இ) கடைசி வண்டி, கடைசி ரசிகன் கிளம்பிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.
ஈ) அன்றாடப் பயணிகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது.
உ) பஸ், மெட்ரோ, ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய 'சென்னை ஒன்' செயலி இதற்கு நல்ல ஆரம்பம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் மைதானம் கட்டுவோம், சிலர் சாலை போடுவோம், சிலர் பஸ் டிப்போவில் வேலை பார்ப்போம். வரைபடத்தில் கேலரி எத்தனை படி, கூரை எத்தனை மீட்டர் என்று குறிக்கும்போது, மைதானத்துக்கு வெளியே ஒரு பஸ் நிறுத்தத்தையும் குறித்து வையுங்கள். அதில் இரவு பதினொரு மணிக்கு ஒரு அப்பாவும் பிள்ளையும் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு பஸ் வரட்டும்!