வன்தட்டுத் தொகுதியின் காப்பு நிலையை மாற்றுதல்

சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பாடியவற்றுள் 100 பதிகங்களே நமக்குக் கிடைத்துள்ளன. தேவார ஏடுகள் பல தில்லையிற் கறையானுக்கு இரையாயின என்பது மரபு. ஆயின், ஏட்டிற் காணப்படாத சம்பந்தர் பதிகமொன்று திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டில் இருபதாம் நூற்றாண்டிற் கிடைத்தது. ஓலையில் அழிந்தது கல்லில் நிலைத்தமையால் மீண்டது. சுவடிகளின் படங்களையும் வன்தட்டில் வைத்துக் காக்கும் இக்காலத்தில் இந்நியாயத்தை மாணாக்கர் அறிதல் நன்று.

பல தட்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் முறை ‘ரெயிட்’ எனப்படும். 1988-ஆம் ஆண்டில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் பெர்க்கிலி அறிஞர் மூவர் இதன் நிலைகளை வகுத்துரைத்தனர். ஐந்தாம் நிலையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மூன்று தட்டுகளில் முறையே 1, 0, 1 என்னும் குறிகள் உள்ளன என்க. ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாக இருத்தல் வேண்டுமென்பது விதி. ஆகவே நான்காந் தட்டில் 0 எழுதப்படும். இரண்டாந் தட்டு பழுதுபடின், எஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றின் ஒன்றுகள் இரட்டைப்படையாதலின், இழந்தது 0 என்று தெளியலாம். எல்லாக் குறிகளும் ஒரே தட்டில் நில்லாது, சோதனைக் குறிகள் தட்டுகள்தோறும் மாறிமாறி அமையும்.

எனினும், இழந்த தட்டை மீட்டெழுதுங்கால் எஞ்சியவை முழுவதும் படிக்கப்படும். அவ்வேளையில் மற்றொன்றும் கெடின் தொகுதியே அழியும். ஆறாம் நிலையோ வேறொரு கணிதத்தால் இரண்டாஞ் சோதனைக் குறியையும் எழுதுதலால், இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

நான்கு டெராபைட்டுத் தட்டுகள் நான்கு கொண்ட ஐந்தாம் நிலைத் தொகுதியின் கொள்ளளவு 12 டெராபைட்டு. ஐந்தாந் தட்டொன்றைச் சேர்த்து ஆறாம் நிலைக்கு மாற்றினும் கொள்ளளவு அதுவே. கூடுவது காப்பு மட்டுமே. லினக்ஸில் ‘எம்டிஅட்ம்’ என்னும் கருவியால் இதனைச் செய்யும் முறை வருமாறு:

1. எல்லாவற்றையும் வேறிடத்திற் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனக் காண்க.

2. தொகுதி முழுவதையும் ஒருமுறை படித்துச் சோதிக்க. நலிந்த தட்டிருப்பின் முன்னரே மாற்றுக.

3. புதுத் தட்டைச் சேர்த்து, நிலை ஆறு, தட்டுகள் ஐந்து எனக் கட்டளையிடுக.

4. அக்கட்டளையிற் குறிக்கும் காப்புக் கோப்பைத் தொகுதிக்குப் புறம்பான தட்டில் வைக்க. மாற்றத்தினிடையே மின்சாரம் நின்றால், பழைய அமைப்பும் புதிய அமைப்புமாகாது நடுவில் நிற்கும் பகுதியை அக்கோப்பே மீட்கும். அதனைத் தொகுதியுள்ளேயே வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் இட்டுப் பூட்டுவதாகும்.

5. வேலை பல மணி நேரமோ சில நாட்களோ நீளலாம், முடியுமளவும் பொறுத்திருக்க.

இறுதியாக ஒன்று கூறுவாம். தொகுதி காப்பது தட்டின் கேட்டினின்று மட்டுமே. கைதவறி அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒருங்கே அழியும். தீயும் திருட்டும் ஐந்தையும் ஒருசேரக் கொண்டுபோம். கல்வெட்டு ஏட்டறையினின்று விலகியிருந்தமையாலன்றோ பதிகம் பிழைத்தது? ஆதலின் ஆறாம் நிலையை அடைந்த பின்னும், பிறிதோரிடத்தில் ஒரு படி வைத்தல் இன்றியமையாததாகும்.