ஸ்டோரைக் கூட்டும் முன்: எலியால் வரும் ஹன்டா நோய்



உர மூட்டைகளையும் பழைய சாக்குகளையும் போட்டுப் பூட்டி வைத்த ஸ்டோரை மாதக் கணக்கு கழித்துத் திறப்பது நமக்குப் புதிதல்ல. கதவு திறந்ததும் ஒரு வாடை அடிக்கும். மூலையில் எலிப் புழுக்கை குவிந்து கிடக்கும். "நின்னு பாத்துக்கிட்டு இருக்காதே, சீக்கிரம் கூட்டித் தள்ளு" என்று குரல் வரும். ஆளும் விளக்குமாற்றை எடுத்து, ஜன்னலைக் கூடத் திறக்காமல், புழுதி பறக்கக் கூட்டுவார். கிராஞ்சியில் காய்கறிப் பண்ணை, செடி நர்சரி வேலையில் இருப்போரும், பாலம் தாண்டி ஜொகூரில் செம்பனை, ரப்பர்த் தோட்டங்களில் இருப்போரும் இதைச் செய்தவர்கள்தாம். இம்முறை எழுதப் போவது அந்தப் புழுதியைப் பற்றி.

எலியின் மூத்திரத்திலும் புழுக்கையிலும் எச்சிலிலும் ஹன்டா என்னும் வைரஸ் கிருமி இருக்கக் கூடும். எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அது பாட்டுக்குத் தின்று, ஓடி, குட்டி போட்டு, கிருமியையும் கழித்துக் கொண்டே இருக்கும். மூத்திரம் காய்ந்து தூசியாகி, அந்தத் தூசி நம் மூச்சில் ஏறும்போதுதான் வினை. எலி கடித்தாலும் வரலாம். ஆனால் பெரும்பாலோருக்கு மூச்சு வழியாகத்தான் வருகிறது.

ஹன்டா என்பது கொரியாவில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயர். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அங்கே இருந்த ஐக்கிய நாட்டுப் படையினர் 3,000 பேருக்கு மேல் இன்னதென்று தெரியாத காய்ச்சலில் விழுந்தனர். சிறுநீரகம் கெட்டது, இரத்தம் கசிந்தது. காரணம் காட்டுச் சுண்டெலி என்று 1976-ல் லீ ஹோ வாங் என்ற கொரிய மருத்துவ விஞ்ஞானி கண்டு சொன்னார்.

இதில் நம்மவர்கள் அறிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. லீ கண்டுபிடிப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1964-ல், நம் வேலூரில் தோட்டப்பாளையம் என்ற இடத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்து எடுத்திருந்தார்கள். மூளைக் காய்ச்சல் கிருமியைத் தேடப் போன இடத்தில் அகப்பட்டது அது. கொசுவால் பரவும் இனமாக இருக்கும் என்று எண்ணி, தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர் வைத்து 1971-ல் பத்திரிகையில் எழுதினார்கள். அது ஹன்டா குடும்பம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. உலகத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஹன்டா கிருமி அதுதான். மூஞ்சூறைக் கண்டு யாரும் பதற வேண்டாம். அந்தக் கிருமி மனிதரைப் படுக்கையில் தள்ளியதாக நிலைநாட்டப்படவில்லை.

இனி நோய்க்கு வருவோம். ஒரே குடும்பத்துக் கிருமிதான் என்றாலும், அது மனித உடம்பில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் முக்கியமாகச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அமெரிக்கக் கண்டத்தில் நுரையீரலைப் பிடிக்கும். நுரையீரல் நோய்தான் கொடிது.

1993 மே மாதத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கத்தில், நவஹோ என்ற ஆதிக்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் மூச்சுத் திணறி இறந்தார். நன்றாக ஓட்டப் பந்தயம் ஓடுகிற உடம்பு. அவருக்கு நிச்சயித்த பெண்ணும் சில நாள் முன்புதான் அதே மாதிரி இறந்திருந்தாள். சுற்று வட்டாரத்தில் இன்னும் சிலர் இப்படியே. சில வாரத்துக்குள் ஹன்டா என்று கண்டுபிடித்து விட்டார்கள். அந்த வருஷம் நல்ல மழை, காட்டில் கொட்டை விளைச்சல் அதிகம், அதனால் மான் சுண்டெலி என்ற ஓர் இனம் பெருகி வீடுகளில் புகுந்திருந்தது. கிருமிக்கு அந்த ஊர்ப் பெயரை வைக்கப் போக, ஊர் மக்கள் கூடாது என்று சண்டை போட்டார்கள். கடைசியில் ஸ்பானிய மொழியில் 'பெயரில்லாதது' என்று பொருள்படும் சின் நோம்ப்ரே என்பதே பெயராகி விட்டது. ஊர்ப் பெயரோடு ஒரு நோய் ஒட்டிக் கொண்டால் அந்த ஊர்க்காரன் படும் பாடு நமக்குத் தெரியாதா?

இந்த நுரையீரல் நோய் தூசி ஏறிய மறுநாளே வருவதில்லை. ஒரு வாரம் முதல் ஐந்து, ஆறு வாரம் வரை சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டோரைக் கூட்டியதே மறந்து போயிருக்கும். பிறகு திடீரென்று காய்ச்சல், குளிர், தலைவலி. தொடை, இடுப்பு, முதுகு ஆகிய பெரிய தசைகளில் அடித்துப் போட்ட மாதிரி வலி. பலருக்கு வாந்தி, வயிற்று வலி, பேதி. சாதாரண சளிக் காய்ச்சலில் மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும். இதில் பெரும்பாலும் அவை இரா. இப்படி மூன்று நாள் முதல் ஆறு நாள் வரை போகும். அப்புறம் வறட்டு இருமல் வரும். இருமல் வந்த சில மணி நேரத்துக்குள் மூச்சு வாங்கத் தொடங்கும். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல் இருக்கும். நுரையீரலில் நீர் கோத்து, இரத்த அழுத்தம் விழுந்து விடும். நேற்று நடமாடியவர் இன்று செயற்கை சுவாசத்தில் இருப்பார். நோய் கண்டவர்களில் 100-க்கு 35 முதல் 40 பேர் வரை இறந்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டியவருக்கு மூத்திரம் தாராளமாகப் போகும், நீர் வடியும், சில நாளில் எழுந்து உட்காருவார்.

நுரையீரலில் நீர் எப்படிக் கோக்கிறது? கிருமி நுரையீரலைக் கடித்துக் குதறுவதில்லை. மெல்லிய இரத்தக் குழாய்களின் உள்பூச்சில் போய்க் குடியேறுகிறது. அதைத் துரத்த நம் உடம்பின் காவல் அணுக்கள் படை திரண்டு வருகின்றன. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் கூரையைப் பிய்த்த கதையாக, அந்தச் சண்டையில் குழாய்கள் ஓட்டை விட்டு நீர் கசிகிறது. இதனால்தான் நல்ல திடகாத்திரமான வாலிபர்களும் இதில் போகிறார்கள். நோயாளிக்குப் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவதும் ஆபத்து. ஏற்றிய நீர் நுரையீரலுக்கே போய்ச் சேரும்.

ஒரே வீட்டில் ஒரே தூசியைச் சுவாசித்தவர்களில் ஒருவர் இறக்கிறார், ஒருவர் பிழைக்கிறார், ஏன் என்று கேட்கலாம். இங்கேதான் பாரம்பரிய அணு, அதாவது மரபணு விஷயம் வருகிறது. நம் உயிரணுக்களின் மேல் ஓர் அடையாள வில்லை இருக்கிறது. எச்.எல்.ஏ. என்று பெயர். நம்முடைய ஐ.சி. அட்டை போல என்று வைத்துக் கொள்ளுங்கள். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வந்தது. காவல் அணுக்கள் இந்த வில்லையைப் பார்த்துத்தான், உள்ளே கிருமி இருக்கிறதா என்று அறிகின்றன. சின் நோம்ப்ரே நோயாளிகளை ஆராய்ந்ததில், பி-35 வகை வில்லை உள்ளவர்களுக்கு நோய் கடுமையாவதாகத் தெரிந்தது. ஐரோப்பாவின் சிறுநீரக ஹன்டாவில் பி-8 வகைக்காரருக்குக் கடுமை. பி-27 வகைக்காரருக்கு லேசு. கிருமி உயிரணுவுக்குள் நுழையும் கதவு ஒன்றையும் 2018-ல் கண்டுபிடித்தார்கள். புரோட்டோகெடரின்-1 என்ற புரதம் அது. அந்தக் கதவு இல்லாமல் வளர்த்த வெள்ளெலிகள் பெரும்பாலும் தப்பித்துக் கொண்டன. நாளைக்கு மருந்து வந்தால் இந்த வழியாக வரலாம்.

இதைக் கேட்டு யாரும், "அப்ப இது பரம்பரை நோயா டாக்டர்? பொண்ணு கொடுக்கலாமா?" என்று கேட்க வேண்டாம். பரம்பரை நோய் அல்ல. கிருமி வராமல் நோய் வராது. மரபணு, வந்த நோயின் உக்கிரத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும், அவ்வளவே. இதற்காக இரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டாம்.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுமா? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வகையில் அப்படிப் பரவியது நிரூபணமாகியுள்ளது. அர்ஜென்டினாவில் எப்புயென் என்ற சிற்றூரில் 2018 கடைசியில் தொடங்கி 34 பேருக்குப் பரவி 11 பேர் இறந்தனர். நம் பக்கத்து எலி வகைகளில் இந்தக் குணம் காணப்படவில்லை.

சரி, சிங்கப்பூரில் என்ன நிலை? இங்கே சாக்கடை எலியிடம் உள்ளது சியோல் வைரஸ். அது சிறுநீரக வகை. கப்பலேறி உலகத்துத் துறைமுகமெல்லாம் சுற்றும் எலியோடு அதுவும் சுற்றுகிறது. 1985-லேயே சிங்கப்பூரில் ஒரு ஹன்டா நோயாளியைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். பிறகு, டெங்கு, எலிக் காய்ச்சல், காமாலை என்று சந்தேகப்பட்டு வந்த நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, சிலரிடம் ஹன்டாவின் அடையாளம் இருந்தது. 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இங்குள்ள எலிகளின் இரண்டு வகை ஹன்டா கிருமிகளின் மரபணுவைப் படித்தார்கள்; ஒன்று சியோல் இனம், மற்றதற்கு ஜூரோங் என்றே பெயர். தமிழ்நாட்டில் எலி பிடிக்கும் இருளர் மக்களிடமும், கிடங்குத் தொழிலாளரிடமும் வேலூர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இந்தக் கிருமி பட்ட தடயம் கிடைத்தது. யாருக்கு வருகிறது என்று பாருங்கள். மூட்டை தூக்குகிறவனுக்கும் வளை தோண்டுகிறவனுக்கும்தான்.

சியோல் வகை பெரும்பாலும் லேசானது. இறப்பு 100-க்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. காய்ச்சல், முதுகு வலி, கண் சிவப்பு, சில நாள் கழித்து மூத்திரம் குறைதல் என்று போகும். கஷ்டம் என்னவென்றால், தொடக்கத்தில் இதுவும் டெங்கு மாதிரி இருக்கும், எலிக் காய்ச்சல் மாதிரியும் இருக்கும். மூன்றிலும் இரத்தத் தட்டணு இறங்கலாம். எலிக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கலாம். ஹன்டாவுக்குத் தனி மருந்து இல்லை. ஆனால் ஆக்சிஜன், டயாலிசிஸ் என்று நேரத்தோடு தாங்கிப் பிடித்தால் பலர் பிழைக்கிறார்கள். ஆகவே காய்ச்சலென்று கிளினிக்குக்குப் போகும்போது, "ஒடம்பு வலி டாக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "போன மாசம் எலி அடைஞ்ச ஸ்டோரைக் கூட்டினேன்" என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபன் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகத்துக்கும் கெடுதல், டெங்குவாக இருந்தால் இரத்தமும் கசியும். பனடால் அளவோடு போதும்.

ஸ்டோர் வேலைக்கு வருகிறேன். முதலில் கதவு ஜன்னலைத் திறந்து விட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். புழுக்கையை உலர்ந்தபடி கூட்டக் கூடாது, காற்றடித்தும் தள்ளக் கூடாது. ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடம் நனைய ஊற்றி, ஐந்து நிமிஷம் ஊற விட்டு, பிறகு துணியால் துடைத்து எடுங்கள். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. சோப்பும் குளோராக்ஸும் பட்டால் செத்து விடும். ரப்பர்க் கையுறை வேண்டும், முகக் கவசம் வேண்டும். செத்த எலியை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். கையுறையும் கவசமும் முதலாளி வாங்கித் தர வேண்டியவை. தரவில்லையென்றால் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள், உங்கள் பையிலிருந்து வாங்காதீர்கள்.

வீட்டில் அரிசியை மூடியுள்ள டின்னில் வையுங்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி வந்து விடும். இரும்பு நாரைத் திணித்து சிமெண்ட் பூசுங்கள். செம்பனைத் தோட்டங்களில் கூகை ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆந்தைக் குடும்பம் இரவெல்லாம் எலி பிடிக்கும். அபசகுனம் என்று அந்தப் பெட்டியைக் கல்லால் அடிக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

தடுப்பூசி உண்டா என்று பலர் கேட்பார்கள். கொரியாவில் 1990 முதல் சிறுநீரக வகைக்கு ஒன்று உண்டு. நுரையீரல் வகைக்கு இல்லை.