மாடுகள் எலும்பு கடித்தலும் அதன் காரணமும்

நாய் எலும்பைக் கடிப்பது அதன் சுபாவம். பசு எலும்பைக் கடிப்பது சுபாவமன்று. புல்லும் வைக்கோலும் தின்னும் பிராணியானது எலும்பு, பழந்தோல், கந்தல், மண் ஆகியவற்றை நாடித் தின்னத் தொடங்குமாயின், அதைக் கெட்ட பழக்கமென்று கருதி அடித்து விரட்டுவதிற் பயனில்லை. ஆகாரத்தில் யாதோ ஒரு சத்துக் குறைந்திருப்பதை அது தெரிவிப்பதாக இருக்கலாம். இவ்விஷயம் தென்னாப்பிரிக்காவில் பெருநஷ்டத்தின் வாயிலாகவே தெளிவாயிற்று.

அந்நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் 'லாம்ஸீக்தே', அதாவது முடக்கு நோய், என்னும் வியாதி நெடுங்காலமாக மாடுகளைக் கொன்று வந்தது. நோய் கண்ட மாட்டுக்குக் காய்ச்சல் இராது, அறிவும் மயங்காது. பின்னங்கால்கள் தளர்ந்து மாடு படுத்துவிடும். பின் தாடையும் நாவும் செயலற்று, வாயிலிட்ட புல்லை விழுங்கவும் மாட்டாது. பல மாடுகள் சில தினங்களுக்குள் மூச்சு நின்று மடிந்தன. யாதோ ஒரு விஷப் பூண்டே காரணமென்று பலர் எண்ணினர். கால்நடை வைத்திய நிபுணர் ஸர் ஆர்னால்டு டைலரும் முதலில் அவ்வழியிலேயே ஆராய்ந்தார். பூண்டு எதுவும் அகப்படவில்லை.

1919ஆம் ஆண்டு முதல் அவரும் அவருடைய துணைவர்களும் பிரைபர்க் நகருக்கு அருகிலுள்ள ஆர்முட்ஸ்பிளாக்தே என்னும் பண்ணையில் பரிசோதனை நடத்தினார்கள். அப்பெயருக்கு 'வறுமைச் சமவெளி' என்பது பொருள். அம்மண்ணுக்கு அது தகுந்த பெயரே. அங்குள்ள மண்ணில் பாஸ்பரஸ் சத்து மிகக் குறைவு. ஆகவே அதில் முளைத்த புல்லிலும் அது குறைவு. மழையின்றிப் புல் முற்றிக் காயுங்கால் பின்னும் குறையும். எலும்பு வளரவும், பால் சுரக்கவும், சினை பிடிக்கவும் இச்சத்து இன்றியமையாதது. புல்லிற் கிடைக்காததை மாடுகள் செத்த பிராணிகளின் எலும்புகளில் தேடின. எலும்பின் மீதிருந்த அழுகிய தசையில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமி வளர்ந்து கொடிய விஷத்தை உண்டாக்கியிருந்தது. மாடுகளைக் கொன்றது அவ்விஷமே. மாண்ட மாட்டின் பிரேதம் வெளியிற் கிடந்தால் அதன் எலும்பு அடுத்த மாட்டுக்கு எமனாயிற்று. இவ்வாறு மண்ணின் குறை, மாட்டின் ஆசை, பிரேதத்தின் விஷம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாகப் பிணைந்திருந்தன.

சுத்தம் செய்து பொடித்த எலும்புத் தூள் தினந்தோறும் சில அவுன்ஸ் அளவு கொடுக்கப்பட்ட மாடுகளுக்கு எலும்பின் மீதுள்ள ஆசை தணிந்தது, நோயும் அற்றது. அம்மட்டோ! அவை எடை கூடின. பாலும் கன்றும் மிகுந்தன. நோய்க்கென்று தேடிய பரிகாரத்தினால், நோயில்லாத மாடுகளும் அதுகாறும் அரைவயிற்றுச் சத்துடன் உழன்று வந்தமை புலனாயிற்று.

ஆயினும் எலும்புத் தூளை இக்காலத்தில் மாட்டுக்குக் கொடுத்தல் கூடாது. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பித்தப் பசு நோய், மாட்டின் மாமிசமும் எலும்பும் கலந்த தீவனத்தினால் பரவிற்று. 1988இல் அந்நாட்டில் அத்தகைய தீவனம் மாடுகளுக்கு விலக்கப்பட்டது. அதனிடத்தில் டைகால்சியம் பாஸ்பேட்டும், அது சேர்ந்த தாது உப்புக் கலவையும் இப்போது கிடைக்கின்றன. கறவைப் பசு ஒன்றுக்கு இக்கலவை தினம் 30 முதல் 50 கிராம் வரை போதும். நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் சொற்பம். தவிட்டிலும் பிண்ணாக்கிலும் அது மிகுதி. வைக்கோல் ஒன்றையே நம்பி மாடு வளர்ப்போர் இதைக் கவனித்தல் நலம்.

எல்லா மாடும் பாஸ்பரஸ் குறைவினாலேயே கண்டதைத் தின்னும் என்று கொள்ளலாகாது. சுவரை நக்குவதும் மூத்திரத்தைக் குடிப்பதும் பெரும்பாலும் கறியுப்புக் குறைவினால்; தொழுவத்தில் ஓர் உப்புக்கட்டி தொங்கவிட்டால் விரைவில் தெரிந்துவிடும். கன்றுகள் மண் தின்றால் வயிற்றுப் பூச்சியையும் சந்தேகிக்க வேண்டும். தெருமாடுகள் பிளாஸ்டிக் பைகளை விழுங்குவதற்கோ வெறும் பசியே பலவிடங்களிற் காரணம்.

செத்த பிராணியைக் களத்து மேட்டிலோ ஏரிக்கரையிலோ எறிந்துவிடும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் தடுத்தல் வேண்டும். பிரேதத்தை ஆழமான குழியிற் புதைத்துச் சுண்ணாம்பு இடுக. அன்றேல் முற்றும் எரித்து விடுக. திடீரென மாண்டு மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்த மாட்டை எக்காரணம் பற்றியும் அறுக்கலாகாது. அது அடைப்பான் நோயாக இருக்கக் கூடுமாதலால் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஒரே மந்தையில் இரண்டு மூன்று மாடுகள் காய்ச்சலின்றிக் கால் தளர்ந்து படுப்பின், அவை மேய்ந்த இடத்தில் எலும்பு கிடக்கின்றதா என்று பார்த்து, அப்புறப்படுத்தும்வரை மந்தையை வேறிடத்தில் மேய்க்க வேண்டும்.