பழைய ஃபில்டரை உடனே எறிந்துவிடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பழைய மாருதி 800 வாங்கியிருக்கிறாய். மேட்டில் ஏறும்போது திணறுகிறது, பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை வருகிறது, ஓஸையும் ஃபில்டரையும் நானே மாற்றப்போகிறேன் என்றாய். தாராளமாகச் செய். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குறைந்த அழுத்தத்தில்தான் ஓடும். கைபழக அது நல்ல வண்டி. ஆனால் வேலை முடியும்வரை அதைத் தெருமுனைக்குக்கூட ஓட்டாதே. ஹாரன் அடிக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம், பெட்ரோல் ஒழுகினால் அப்படி விட முடியாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய், தூரத்தில் இருக்கும் அடுப்பில்கூடப் பற்றிவிடும். அதனால் ஷெட்டுக்குள் வேண்டாம், வெட்டவெளியில் நிறுத்து. என்ஜின் நன்றாக ஆறட்டும். முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்று. வெளிச்சத்துக்குக் குண்டு பல்பைத் தொங்கவிடாதே. ஒரு சொட்டு பட்டு பல்ப் உடைந்தால் போதும். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் மேலே மிதந்து தீயைப் பரப்பும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். டேங்கைக் காலி செய்ய டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதே. எத்தனையோ பட்டறைகளில் பையன்கள் செய்வதைப் பார்த்திருப்பாய். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். கைப்பம்ப் மலிவாகவே கிடைக்கிறது.

டேங்கிலிருந்து லைனைக் கையால் தொட்டுக்கொண்டே முன்னால் வா. ரப்பர் ஓஸை, கிளிப் இருக்கும் முனையருகே, லேசாக வளைத்துப் பார். கோடையில் காய்ந்த ஏரி மண்போல நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அது போய்விட்டது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஓஸ் என்று கேட்டு வாங்கு. தண்ணீர் டியூபை மாட்டினால் பெட்ரோலில் விறைத்துப்போய் வெடிக்கும். ரிட்டர்ன் ஓஸையும் சேர்த்தே மாற்று. அடியில் போகும் இரும்புக் குழாய் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தால் குழாயையே மாற்ற வேண்டும். சோப்பு தேய்ப்பது, பசை பூசுவது எல்லாம் வழியில் நின்றுபோன வண்டிக்காரன் செய்வது.

குழாய் முனையில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். ஓஸ் அதைத் தாண்டி உள்ளே போகவேண்டும். கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்காரவேண்டும். புடைப்பின் மேலேயே கிளிப்பை இறுக்கினால் ரப்பர் வெட்டுப்பட்டு, நாலு மாதத்தில் மறுபடி வாடை வரும். ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும். அது என்ஜின் பக்கம் பார்க்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஃபில்டரை மாற்ற அதிக நேரம் பிடிக்காது. அது ஏன் அடைத்தது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. கழற்றிய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே நுழையும் வாய் கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கவிழ்த்துத் தட்டு. செம்பழுப்புத் தூள் விழுந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் துணுக்கு என்றால் ஓஸின் உட்புறம் கரைந்து உதிர்கிறது. அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேங்க் மூடியின் வாஷரைப் பார். அடைத்த காரணத்தைப் பார்க்காமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

பிறகு பேட்டரியை மாட்டி, செல்ஃப் அடி. லைன் காலியாக இருப்பதால் உடனே பிடிக்காது. இடைவெளி விட்டு அடி. ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த பனியன் வேஸ்டால் துடைத்து முகர்ந்து பார். மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடு.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம். என்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் நிற்கும், கழற்றினால் கண்ணில் பீய்ச்சும். அதை நேரில் காட்டித் தருகிறேன்.

கிண்ணத்தில் விழுந்ததைப் படம் எடுத்து அனுப்பு. துரு என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு பேருமாக டேங்கை இறக்கிவிடலாம்.

அன்புடன்,
மாமா