ஒரு ‘லைன்’ – எத்தனை பொருள்!

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கிறார்கள். மூன்று மொழி தெரிந்த பிள்ளை என்று நமக்கும் பெருமைதான். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருளை மனப்பாடம் செய்துகொண்டு, அதையே எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பதால் அவர்கள் படும் சிரமம் கொஞ்சமல்ல. ‘லைன் என்றால் கோடு’ என்று மட்டும் படித்த பிள்ளை, ‘டிராப் மீ எ லைன்’ என்ற வாக்கியத்தில் கோட்டைத் தேடித் தவிக்கும். அங்கே கோடும் இல்லை, கீழே போடுவதும் இல்லை. ‘எனக்கு நாலு வரி எழுதிப் போடு’ என்பதே அதன் பொருள்.

ஆகவே இம்முறை ‘லைன்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு பாடம் படிப்போம். ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இதைவிடப் பழகிய ஆங்கிலச் சொல் வேறில்லை.

சொல்லின் பிறப்பு

புனேயில் ஜவஸ் சட்னி சாப்பிடாதவர் உண்டா? ஜவஸ் என்பது நம் ஊர் ஆளி விதை. அந்த ஆளிச் செடியின் லத்தீன் பெயர் ‘லீனும்’. அதன் தண்டிலிருந்து எடுக்கும் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. இதிலிருந்தே ‘லைன்’ வந்தது. அந்த நாரில் நெய்த துணி ‘லினன்’. சட்டையின் உட்புறம் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால் அது ‘லைனிங்’ ஆயிற்று. பிறகு பிரேக்குக்கும், மலையைக் குடைந்த ரயில் குகையின் உட்சுவருக்கும்கூட ‘லைனிங்’ என்றே பெயர் வந்துவிட்டது.

நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். கொத்தனார் நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலிலிருந்து கயிறு, கயிறு போல் நேரான கோடு, கோடு போல் நிற்கும் வரிசை, வரிசையாக எழுதிய வரி, இரண்டு ஊரை இணைக்கும் ரயில் பாதை, இரண்டு வீட்டை இணைக்கும் தொலைபேசிக் கம்பி என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தது. எதுவும் தொடர்பில்லாமல் வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியர் காட்டும் வழி

இத்தனை பொருளில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஆங்கில ஆசிரியரைத் தேடிப் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே விடை இருக்கிறது. ‘பல பொருள் ஒரு சொல்’ என்று இத்தகைய சொற்களுக்குப் பெயர் வைத்து, வினை, இனம், சார்பு என்ற மூன்றால் பொருள் தெளிவாகும் என்கிறார் தொல்காப்பியர்.

‘மா’ என்ற சொல் மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். ‘மா காய்த்தது’ என்றால் மரம். ‘மா கனைத்தது’ என்றால் குதிரை. இது வினையால் தெளிவது. ‘மாவும் பலாவும்’ என்றால் கூட நிற்கும் பலாவே அது மரம் என்று சொல்லிவிடும். இது இனம். போருக்குப் புறப்படும் வீரன் ‘மாவைக் கொண்டு வா’ என்றால் மரத்தை வெட்டிக்கொண்டு வருவோமா? இது சார்பு. இந்த மூன்று சாவிகளும் ‘லைனு’க்கும் பொருந்துகின்றன.

முதலில் வினை. ‘ஸ்டாண்ட் இன் லைன்’ என்றால் வரிசை. ‘ஹோல்ட் தி லைன்’ என்றால் தொலைபேசியை வைத்துவிடாமல் காத்திருப்பது. ‘டிரா எ லைன்’ என்றால் கோடு போடுவது. ‘டிரா தி லைன்’ என்றால் இதற்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டுவது. ‘எ’ போய் ‘தி’ வந்ததும் பொருளே மாறிவிடுவதைக் கவனியுங்கள்.

அடுத்து இனம். கிரிக்கெட்டில் ‘லைன் அண்ட் லெங்த்’ என்றால் பந்து வரும் திசையும் அது குத்தும் இடமும். ‘ஹுக், லைன் அண்ட் சிங்கர்’ என்றால் முள்ளும் ஈயக்குண்டும் பக்கத்தில் இருப்பதால் அது தூண்டில் நூல். மீன் தூண்டிலை முழுவதுமாக விழுங்குவது போல, சொன்னதை அப்படியே நம்பி ஏமாறுவதற்கு அந்தத் தொடர். ‘ஏர்லைன்’, ‘ஹெட்லைன்’, ‘பைப்லைன்’ எல்லாம் முன்னால் உள்ள சொல்லால் தெளிவாகும். நாம் தினமும் சொல்லும் ‘டெட்லைன்’, 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் கைதி முகாமில் வழங்கிய சொல். முகாமின் சுவருக்கு உட்புறம் ஒரு வேலி எல்லை உண்டு. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவார்கள். இன்று அது கெடு தேதி என்ற அளவில் நிற்கிறது.

மூன்றாவது சார்பு. ‘லைனில் இருக்கிறார்’ என்று ரயில்வே அலுவலகத்தில் சொன்னால், அதிகாரி தொலைபேசியில் பேசுகிறார் என்று பொருளல்ல. பாதையைப் பார்வையிட வெளியே போயிருக்கிறார் என்று பொருள். விழுப்புரம்–திருச்சி இடையே மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் செல்வது மெயின் லைன்; விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே செல்வது கார்டு லைன். இந்தக் ‘கார்டு’ சீட்டு அல்ல; வட்டத்தின் குறுக்கே போடும் நாண். கோவை, திருப்பூர்ப் பக்கம் ‘லைன் வீடு’ என்றால் ஒரே வரிசையில் அமைந்த வாடகை வீடுகள். இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளரான நம் மக்களுக்குக் கட்டிய வரிசை அறைகளும் ‘லைன்’தான். அங்கே அது ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆயிற்று. கச்சேரி மேடையில் ‘லயம்’ என்றால் தாளம். நுவரெலியாவில் ‘லயம்’ என்றால் ஒரே அறையில் ஒரு குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்த வாழ்க்கை. சார்பு தெரியாதவனுக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வலி தெரியாது.

தெளித்துச் சொல்லியே ஆக வேண்டிய இடம்

‘மா சாய்ந்தது’ என்றால் மரமா, குதிரையா? இரண்டுமே சாயும். இப்படி வினையால் வேறுபடாத சொல்லை, இன்னது என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியரின் அடுத்த விதி. ‘தி லைன் இஸ் கிளியர்’ என்பதும் அப்படியே. தொலைபேசியில் குரல் நன்றாகக் கேட்கிறது, வரைந்த கோடு தெளிவாக இருக்கிறது, தண்டவாளம் காலியாக இருக்கிறது என்று மூன்று பொருள் கொள்ளலாம்.

ரயில்வேயில் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தால் உயிர் போகும். அதனால்தான் ‘லைன் கிளியர்’ என்றால் என்ன என்று விதிப் புத்தகத்திலேயே வரையறுத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எதிரே பாதை காலியாக இருப்பது லைன் கிளியர் ஆகாது. ஒரு ரயில் புறப்பட்டு வரலாம் என்று அடுத்த நிலையம் முந்தைய நிலையத்துக்குத் தரும் அனுமதியே லைன் கிளியர். முன்னே போன ரயில் முழுமையாக வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்த பிறகே அதைத் தருவார்கள். ஒற்றைப் பாதைகளில் அந்த அனுமதிக்கு அடையாளமாக உலோக உருண்டை ஒன்றைப் பையில் இட்டு, வளையத்தில் கட்டி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். ஓடும் ரயிலில் வளையம் மாற்றுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சொல்லை மட்டும் நம்பாமல் கையில் பொருளாகவே கொடுத்த ஏற்பாடு அது.

நாடுகளுக்கிடையிலும் இப்படித்தான். 1949-இல் காஷ்மீரில் வகுத்தது ‘போர்நிறுத்தக் கோடு’. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் அது ‘கட்டுப்பாட்டுக் கோடு’ ஆயிற்று. இரண்டையும் ‘சர்வதேச எல்லை’ என்று யாரும் எழுதிக் கையெழுத்திடவில்லை. ‘லைனு’க்கு முன்னால் வரும் சொல் அத்தனை முக்கியம்.

நம்மிடம் உள்ள செல்வம்

கோடு, வரி, வரிசை, அடி, கயிறு, தடம், எல்லை, பரம்பரை – ‘லைன்’ என்ற ஒரு சொல் நிற்கும் இடத்தில் தமிழில் இத்தனை சொற்கள் உண்டு. மராத்தியிலும் வரைவது ரேஷா, எழுதுவது ஓள், கடையில் நிற்பது ராங். நாம் எல்லாவற்றுக்கும் ‘லைன்’ என்றே சொல்லிப் பழகினால், பொருளைப் பிரித்தறியும் கருவியைப் பிள்ளைகளிடமிருந்து நாமே பிடுங்கிக்கொள்கிறோம். தமிழ்ச் சொற்கள் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் துல்லியமாக வரும். தமிழ் படித்தால் ஆங்கிலம் கெடும் என்று கவலைப்படும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றில் ‘லைன்’ என்பதற்குத் தகுந்த தமிழ்ச் சொல்லைப் பிள்ளைகள் சொல்லட்டும். வினை, இனம், சார்பு – எந்தச் சாவி திறந்தது என்றும் கேளுங்கள்.

1. தி ஆக்டர் ஃபர்காட் ஹிஸ் லைன்ஸ்.
2. ஹீ கம்ஸ் ஃப்ரம் எ லாங் லைன் ஆஃப் டீச்சர்ஸ்.
3. வாட் லைன் ஆர் யூ இன்?
4. தேர் ஆர் லைன்ஸ் ஆன் ஹெர் ஃபேஸ்.
5. ட்ரீஸ் லைன் தி ரோட்.
6. ஹாங் தி ஷர்ட் ஆன் தி லைன்.

விடைகள்: 1. வசனம். 2. பரம்பரை. 3. தொழில். 4. சுருக்கம். 5. இருமருங்கிலும் வரிசையாக நிற்றல். 6. கொடிக்கயிறு.